மடை திருப்பும் ஆள்

தை பிறந்ததிலிருந்து முத்துத்தாயின் போனுக்குள் இருக்கிற ஆள் தூங்கிக்கொண்டேதான் இருந்தார். வேப்பமரத்தடியில் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். மண்வெட்டி மரத்தில் சாய்ந்திருந்தது. உற்றுப் பார்த்தால் அவருடைய விலா மெல்ல ஏறி இறங்குவது தெரியும். முத்துத்தாய் உற்றுத்தான் பார்த்தாள். உலை கொதிக்கும்போது பார்த்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தாள். வாசலில் யாராவது வந்து கூப்பிடுவது காதில் விழாமல் பார்த்தாள். விலா ஏறும், கொஞ்சம் நிற்கும், இறங்கும். நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் அவளும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

ஊருக்குத் தெற்கே கரிசலில் அவளுடைய மிளகாய்ச் செடிகள் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தன.

அந்த ஆள் யாரென்று எம்.ரெட்டியபட்டியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். வீட்டிலிருந்தே தோட்டத்து மோட்டாரைப் போடவும் அணைக்கவும் ஒரு பெட்டி வந்திருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சிம்கார்டு, வெள்ளாமை பார்க்கிற சம்சாரி கையில் ஒரு போன். கரண்ட் எப்போது வரும் என்று தோட்டத்தில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. நல்ல சாமான்தான். ஆனால் முதலில் வாங்கியவர்கள் ஒரு மாதத்தில் அதைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். போனைத் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் எண்களும் சிவப்புக் கட்டமும் பச்சைக் கட்டமுமாக இருக்கும். மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர் வருகிறதா, போர்க்கிணறு வற்றி வெறுமனே சுற்றுகிறதா என்று அதைப் படித்துக் கண்டுபிடிப்பதற்குள் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிப் புகை வந்துவிடும்.

மதுரையில் அந்தப் பெட்டியைச் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில்தான் முத்துத்தாயின் மகன் மாரிசெல்வம் வேலைக்குச் சேர்ந்தான். அந்த வம்சத்தில் முதல் பட்டதாரி. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவன் பட்டம் வாங்கிய படம்தான் வீட்டில் சாமி படங்களைவிடப் பெரிய படம். போனுக்குள் தெரிகிறவற்றை வரைந்து அசைய வைப்பது அவன் வேலை. சேர்ந்த கொஞ்ச நாளில் கம்பெனியில் சொன்னான்: “எங்கப்பா இதப் பாத்தா ரெண்டு தரம் தடவிப் பாத்துட்டு வச்சிருவாரு சார். மோட்டார் என்ன செய்யுதுன்னு எழுதிக் காட்ட வேணாம். ஒரு ஆளு செஞ்சு காட்டட்டும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவன் அப்பா சங்கையாவுக்குப் பின்னாலேயே போனைப் பிடித்துக்கொண்டு அலைந்தான். சங்கையா மண்வெட்டியோடு நின்று திரும்பிப் பார்த்தார்.

“ஏன்டா, இந்த மூஞ்சிக்கு எந்தப் படத்துல வேசம் வாங்கிக் குடுக்கப்போற?”

“வேசமெல்லாம் இல்லப்பா. எப்பவும்போல வேலையப் பாருங்க.”

“எப்பவும்போலன்னு நீ சொன்னதும் எப்பவும்போல வரமாட்டேங்குதே.”

“முன்னக்கூட்டியே சொல்லியிருந்தா பவுடர் போட்டுக்கிட்டு வந்திருப்பாக” என்றாள் முத்துத்தாய், களைவெட்டியைக் கீழே வைக்காமல்.

அன்றைக்குப் பாதிப் பாய்ச்சலிலேயே போர் வற்றிவிட்டது. சங்கையா தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தார். வரப்பில் குத்தவைத்தார். இடது கையைத் தரையில் ஊன்றித் தலையைத் தொங்கப்போட்டார். மாரிசெல்வம் அதையும் பிடித்துக்கொண்டான்.

போனில் வந்த ஆளுக்கு மூக்கு முழி கிடையாது. நெல்மணி அளவு முகம், வெள்ளை வேட்டி, சிவப்புத் துண்டு. யார் வீட்டு அப்பாவாகவும் இருக்கலாம். ஆனால் வலது தோள் கொஞ்சம் இறங்கிய அந்த நடை சங்கையாவின் நடை. ஆளின் மேல் விரலை வைத்தால் எழுந்து, ஒரு கனைப்புக் கனைத்து, துண்டை உதறித் தலையில் கட்டி, நடந்துபோய் மடையைத் திருப்புவார். வாய்க்காலில் தண்ணீர் ஓடும், செடிகள் தலையாட்டும். அந்தக் கனைப்பும் சங்கையாவுடையதுதான். கரண்ட் போனால் மரத்தடியில் படுத்துவிடுவார். போன் நின்றுபோய்விட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக, தூங்கும்போது அவர் விலா ஏறி இறங்கும்படி மாரிசெல்வம் செய்திருந்தான். போர் வற்றினால் கழுத்தைத் துடைத்து, குத்தவைத்து, கையை ஊன்றித் தலையைத் தொங்கப்போடுவார். ஒரு எழுத்து கிடையாது. படிக்காதவர்களுக்கும் பார்த்ததும் விளங்கிவிடும்.

காரியாபட்டியிலிருந்து திருச்சுழிவரைக்கும் பெட்டி போய்ச் சேர்ந்தது. அதோடு பேச்சும் மாறியது. மோட்டாரைப் போடு என்று யாரும் சொல்வதில்லை, ஆளை எழுப்பு என்றார்கள். “ஏலே, உன் ஆளு எந்திரிச்சாரா?” என்று ஒருவன் டீக்கடையில் கேட்பான். “எங்க, எந்திரிச்ச வேகத்துல உக்காந்துட்டாரு” என்பான் மற்றவன். அது கேட்டால் போதும், அவன் போர் வற்றிவிட்டது என்று கடை முழுக்கத் தெரிந்துவிடும். சங்கையா அந்தக் கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது போனை எடுத்து ஆளின் மேல் விரலை வைத்தால், “மெல்லத் தொடுறா, விலா நோகுது” என்பார். கடை சிரிக்கும். சாயங்காலம் அதை முத்துத்தாயிடம் சொல்லிச் சிரித்தபடி சோறு தின்பார்.

படிக்காத முத்துத்தாய்தான் அந்த வீட்டில் போனை அதிகம் பார்த்தவள். சங்கையா போனை வீட்டில் வைத்துவிட்டுத் தோட்டத்தில் இருக்கும்போது அவள் வீட்டிலிருந்தே போனில் ஆளைப் பார்த்து, இப்போது மடை திருப்புகிறார், இப்போது உட்கார்ந்துவிட்டார், சோறு கொண்டுபோகலாம் என்று கணக்குப் போடுவாள். போனில் இருப்பவரையும் தோட்டத்தில் இருப்பவரையும் அவள் கண் ஒன்றாகவே பார்க்கப் பழகிவிட்டது.

அந்தப் பழக்கம்தான் வினையாகிவிட்டது.

மார்கழியில் ஒரு காலை. சங்கையா போனில் ஆளை எழுப்பிவிட்டுத் தெற்குப் பக்கம் மடை திருப்பிக்கொண்டிருந்தார். முத்துத்தாய் வடகோடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பு வலிக்க நிமிர்ந்தபோது அவர் தலைத்துண்டை அவிழ்ப்பது தெரிந்தது. கழுத்தைத் துடைத்தார். வரப்பில் குத்தவைத்தார். இடது கையைத் தரையில் ஊன்றித் தலையைத் தொங்கப்போட்டார்.

தண்ணி போயிருச்சு என்று நினைத்துக்கொண்டாள் முத்துத்தாய்.

வேறு எதுவுமே தோன்றவில்லை. பெட்டி தானாக அணைந்துகொள்ளும்தான். ஆனாலும் எப்போதாவது அணையாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கையாலும் ஒரு தடவை அணைத்துவிடுவது அவள் வழக்கம். அவருக்கு எதிர்த்திசையில் இருந்த மோட்டார் அறையைப் பார்த்து நடந்தாள். நடுவில் வாய்க்காலைக் கடந்தாள். உள்ளே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினாள். பிறகுதான் அவரை நோக்கி, ஆற அமர, வரப்பில் கிடந்த களையை ஒதுக்கிக்கொண்டே வந்தாள்.

“அணைச்சிட்டேங்க. இன்னைக்கு என்ன, இம்புட்டுச் சீக்கிரமா போயிருச்சு?”

அவர் நிமிரவில்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்டபோது அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

பக்கத்துத் தோட்டத்துப் பால்சாமிதான் ஷேர் ஆட்டோவை வயலுக்குள்ளேயே கொண்டுவந்து அவரைத் தூக்கிப் போட்டான். அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. எப்போது போனது என்று யாரும் சொல்லவில்லை. முத்துத்தாயும் கேட்கவில்லை.

பால் ஊற்றிவிட்டு வந்த அன்று வீடு நிறையச் சாதிசனம் உட்கார்ந்திருந்தது. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில், மாடக்குழியில், சங்கையாவின் போன் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. மும்முனைக் கரண்ட் வருகிற நேரம். மாடக்குழிக்குள்ளிருந்து சங்கையா கனைத்தார்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் வாயை மூடினார்கள். போன் வெளிச்சமாகியிருந்தது. ஆள் எழுந்து உட்கார்ந்து துண்டை உதறிக் கட்டிக்கொண்டார். மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டு, வலது தோள் இறங்க நடந்தார். ஆளில்லாத தோட்டத்தில் மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள்.

“ஏய்யா, என் தம்பி கனைக்கிறானே!” என்று சங்கையாவின் அக்கா பெத்தம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு எழுந்தாள்.

“அத்த, அது தானா போடுறது. கரண்ட் வந்தா தானா எந்திரிக்கிற மாதிரி அப்பாதான் வச்சிருந்தாரு” என்றான் மாரிசெல்வம்.

“யாரு வச்சா என்னடா. வந்துட்டான்ல?” பெத்தம்மாள் திருநீற்றை எடுத்துவந்து போனில் பூசினாள். திருநீற்றுக்குள் ஆள் மடை திருப்பிக்கொண்டிருந்தார். பெண்கள் குலவையிடுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் போர் வற்றியது. ஆள் துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தார். குத்தவைத்தார். கையை ஊன்றித் தலையைத் தொங்கப்போட்டார்.

மூலையில் சுருண்டு கிடந்த முத்துத்தாய் எழுந்து ஓடினாள். உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு, தலைவிரி கோலமாக, தோட்டத்துப் பாதையில் பாதி தூரம் ஓடிவிட்டாள். பிடித்து இழுத்துவந்தார்கள். துக்கம் தாளாமல் ஓடுகிறாள் என்றார்கள். வாய்க்காலைக் கடந்த கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்து மாரிசெல்வம் மதுரைக்குப் போனான். ஒரு நாள் அருப்புக்கோட்டைக்கு உர மருந்து வாங்கப் போனாள் முத்துத்தாய். பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது முதுகுக்குப் பின்னால் சங்கையா கனைத்தார். திரும்பினாள். பாலவனத்தம் பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒருவர் போனைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டார். பெருமூச்சு விட்டுத் திரும்பினால், டீக்கடைப் பக்கம் இன்னொரு கனைப்பு. கரண்ட் வருகிற நேரம். ஊரெல்லாம் அவர் எழுந்துகொண்டிருந்தார். இத்தனை பையில் எழுந்தவர் கொஞ்ச நேரத்தில் இத்தனை பையிலும் உட்காருவார் என்று அவளுக்குத் தோன்றியது. காரியாபட்டியில் யாரோ ஒருத்தர் பையில், இருட்டுக்குள், கையை ஊன்றித் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். பார்த்தாலும் தண்ணி போயிருச்சு என்றுதான் சொல்வார்கள்.

உர மருந்தை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். நேராகத் தோட்டத்துக்குப் போய் மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை இறக்கினாள். போனில் ஆள் படுத்துவிட்டார். விலா ஏறியது, இறங்கியது. ஊரில் மற்ற போன்களில் என்ன ஆனாலும் ஆகட்டும், தன் கையில் இருப்பவரை இனி யாரும் எழுப்பப் போவதில்லை என்று சங்கையாவின் போனை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மிளகாய்க்குப் பூவெடுக்கிற நேரத்தில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? பூ கொட்டியது. இலை சுருண்டது. கரிசல் வாயைப் பிளந்தது. பால்சாமி வரப்பிலிருந்தே கத்தினான்.

“மதினி! ஆளை எழுப்புங்க மதினி, செடி செத்துரும் போலிருக்கே!”

“தூங்குறாக தம்பி. தூங்கட்டும்.”

“மூணு பேஸும் முழுசா வருது. இப்பப் போயித் தூங்க விடுறீகளே!”

“இத்தன வருசமா தூங்கவா செஞ்சாக?”

பால்சாமி தலையைச் சொறிந்துகொண்டு போனான். பெத்தம்மாள் வந்து வைதாள். அண்ணன் தம்பி காடுகளெல்லாம் பச்சையாக நிற்க, இவள் காடு மட்டும் கருகுவது ஊருக்கே கண்ணை உறுத்தியது. மிச்சமிருக்கிற பூவாவது நிற்க வேண்டுமென்றால் இந்த வாரத்துக்குள் தண்ணீர் பாய்ந்தாக வேண்டும் என்று பெத்தம்மாள் மதுரைக்குப் போன் போட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, “உங்காத்தா போனையே பாத்துக்கிட்டு இருக்காடா, எனக்குப் பயமாருக்கு” என்றும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரிசெல்வம் வந்தான். வீட்டில் பையை வைத்த கையோடு தோட்டத்துக்கு நடந்தான். முத்துத்தாய் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். என்ன கேட்பான், என்ன சொல்லலாம் என்று யோசித்தபடி மெதுவாகப் போனாள். அவன் தெற்குப் பக்கம் போய்விட்டான். இவள் வடகோடிக்கு வந்தபோது அவன் ஒரு செடியருகே நின்றான். வெயிலுக்குக் கழுத்தைக் கைக்குட்டையால் துடைத்தான். பிறகு வேர்ப்பக்கத்தைப் பார்ப்பதற்காக வரப்பில் குத்தவைத்து, இடது கையைத் தரையில் ஊன்றித் தலையைக் குனிந்தான்.

முத்துத்தாய் ஓடினாள்.

சேலையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்து, மறு கையில் சொம்போடு, பாத்தி வரப்பு பார்க்காமல் செடிகளுக்கு நடுவே ஓடினாள். காய்ந்த வாய்க்காலில் கால் இடறி முழங்கால் மண்ணில் அடிக்க விழுந்தாள். சொம்பை மட்டும் விடவில்லை. எழுந்து மறுபடியும் ஓடினாள். தண்ணீர் வழியெல்லாம் சிந்தியது. மகனுக்கு முன்னால் போய் விழுந்து அவன் நெஞ்சில் கையை வைத்தாள்.

“என்னம்மா? என்ன? பாம்பா?”

“என்ன செய்யுது? எங்க வலிக்குது? சொல்லுடா!”

“ஒண்ணும் செய்யலம்மா. வேரப் பாத்தேன்.”

அவள் நம்பவில்லை. மிச்சமிருந்த தண்ணீரை அவன் தலையில் ஊற்றினாள். அவன் முகத்தைத் துடைத்தாள். அவன் கண் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அவன் காலடியிலேயே உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு நான் இப்பிடி வரலடா” என்றாள்.

“என்னைக்கும்மா?”

“அவுக உக்காந்தாக. இந்தா, இதே எடம். இதே மாதிரி. நான் அங்கருந்து பாத்தேன். பாத்துட்டு மோட்டாரை அணைக்கப் போனேன்.”

மாரிசெல்வத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தலையிலிருந்து வழிகிற தண்ணீரைத் துடைக்காமல் இருந்தான்.

“போன்ல அப்பிடித்தான உக்காருவாக. உக்காந்தா தண்ணி இல்லன்னு அர்த்தம். அதான் எனக்குத் தோணுச்சு. வேற ஒண்ணுமே தோணல. நடுவுல வாய்க்காலத் தாண்டுனேன். தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சுடா. என் கால் மேலதான் ஓடுச்சு, சில்லுன்னு. ஓடுற தண்ணிய மிதிச்சுக்கிட்டே, தண்ணி இல்லன்னு அணைக்கப் போயிருக்கேன்.”

“அது உடனே போற உசுரும்மா. நீ ஓடியாந்திருந்தாலும்...”

“ஒனக்கெப்பிடித் தெரியும்? நீ படந்தான வரைஞ்ச?”

மாரிசெல்வம் பிளந்து கிடந்த கரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் உட்காருவதை வரைய அவன் ரொம்ப மெனக்கெட்டிருந்தான். கை ஊன்றும்போது தோள் எப்படி இறங்குகிறது, தலை எந்த இடத்தில் நிற்கிறது என்று அப்பாவைப் பிடித்த காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து வரைந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒரு கணமும் சந்தேகம் வரக் கூடாது என்று கம்பெனியில் அவனே சொன்னான். வரவில்லை.

“வேற ஆள வரைஞ்சிர்றேம்மா” என்றான். “அப்பா சாடையே இல்லாம.”

“வேற ஆளுன்னா, அவுக எங்க போவாக?”

“சரி, உக்காருறத மட்டும் எடுத்துர்றேன். ஒரு மணியடிக்கிற மாதிரி வச்சிர்றேன்.”

முத்துத்தாய் தலையாட்டி மறுத்தாள். “ஊர்ல அத்தன பேரும் அவுக உக்காருறத வச்சுத்தான பொழைக்கிறாக. எடுத்துட்டா எத்தன பேரு மோட்டாரு கருகும்? வேணாம்.”

“அப்ப நான் என்னதாம்மா செய்ய? நீ ஆளையும் எழுப்ப மாட்டேங்குற, செடியும் சாகுது.”

“அவுக உக்காந்துக்கிட்டே இருக்காகடா. எல்லாப் போன்லயும். ஒரு ஆளு வரமாட்டேங்குறாக கிட்ட.”

மாரிசெல்வம் எழுந்தான். அம்மா ஓடிவந்த வழி வெயிலில் தெரிந்தது. புழுதியில் கால் தடம், அதன் பக்கத்தில் தண்ணீர் சிந்திய கறுப்புப் பொட்டுகள், வாய்க்காலில் முழங்கால் பதிந்த குழி. வடகோடிவரைக்கும் அந்தத் தடத்தோடேயே நடந்துபோய்த் திரும்பி வந்தான். பொட்டுகள் காய்வதற்குள் போனில் படம் எடுத்துக்கொண்டான். மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான். “நான் போன் போடுறவரைக்கும் மெயின் சுவிட்ச இறக்கியே வச்சிரு. போட்டதும் ஏத்தி விடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வாரம் முடிவதற்குள் போன் வந்தது.

“அப்பா உக்காந்தா நீ ஓடியாற மாதிரி வரைஞ்சு வச்சுட்டேம்மா. கம்பெனில கேட்டாக, எதுக்குய்யா இந்தம்மான்னு. தண்ணி இல்லாம ஒரு மனுசன் உக்காந்தா யாராச்சும் வரணும்ல சார்ன்னேன். ஓடவிட்டுக் காட்டுனேன். சரின்னுட்டாக.” பிறகு சொன்னான். “நீ விழுந்ததையும் வச்சிருக்கேம்மா. அத எடுக்க மனசு வரல.”

அவன் போனை வைப்பதற்குள் பால்சாமி வாசலுக்கு வந்துவிட்டான்.

“மதினி, டீக்கடையே அல்லோலப்படுது! ஆளுக்குப் பொண்டாட்டி வந்துட்டாகளாம். சொம்பும் கையுமா என்னா ஓட்டம்! முனீஸ்வரன் போனுக்கு மட்டும் இன்னும் வரல. ‘என் ஆளு இன்னும் ஒண்டிக்கட்டதாம்டா’ன்னு மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்.” சிரித்துக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். “அது... நீங்கதான மதினி?”

“தோட்டத்துக்கு வாங்க தம்பி” என்றாள் முத்துத்தாய். “நான் தனியாப் போகமாட்டேன்.”

மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை ஏற்றினாள். முந்தானை முடிச்சுக்குள்ளிருந்து சங்கையா கனைத்தார். அவள் முடிச்சை அவிழ்த்துப் போனைப் பார்க்காமலே பால்சாமி கையில் கொடுத்தாள். “நீங்க பாத்துச் சொல்லுங்க. என்னால ஆகாது.”

“எந்திரிச்சிட்டாரு அண்ணன். துண்டக் கட்டுறாரு.”

குழாய் இருமி, காற்றைத் துப்பி, செந்நிறமாகத் தண்ணீரைத் தள்ளியது. பிறகு தெளிந்தது. முத்துத்தாய் மண்வெட்டியை எடுத்தாள். அத்தனை நாளாகத் தாகத்தில் கிடந்த மண் தண்ணீரைச் சத்தத்தோடு குடித்தது. ஒரு பாத்தி நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பினாள். தெற்குப் பக்கம் வந்துவிட்டாள். அவர் உட்கார்ந்த வரப்புக்குப் பக்கத்துப் பாத்திதான் பாக்கி.

“மதினி” என்றான் பால்சாமி வேப்பமர நிழலிலிருந்து. குரல் தணிந்திருந்தது. “அண்ணன் துண்ட அவுக்குறாரு.”

அவளுக்குக் கால் துள்ளியது. ஓடிவிடத் தோன்றியது. எங்கே ஓடுவது? அவர் உட்காருகிற இடத்தில்தான் நிற்கிறாள். குனிந்து பார்த்தாள். வாய்க்காலில் இறங்கி வெறுங்காலை வைத்துப் பார்த்தாள். ஈரச் சேறுதான் இருந்தது. தண்ணீர் இல்லை. நிஜமாகவே நின்றுவிட்டது. குதிகாலை அழுத்தி இன்னொரு தரம் பார்த்தாள்.

“உக்காந்துட்டாரு” என்றான் பால்சாமி.

“தண்ணி போயிருச்சு தம்பி. அதான் உக்காந்திருக்காக.”

“நீங்க வாரீக மதினி. சேலையச் சுருட்டிப் புடிச்சுக்கிட்டு... வாய்க்கால்ல தடுக்குது... அய்யய்யோ, விழுந்துட்டீக... எந்திரிச்சிட்டீக. சொம்ப விடல. ஓடியாரீக.”

முத்துத்தாய் வாய்க்காலுக்குள் நின்றபடியே கேட்டாள்.

“கிட்டப் போயிட்டனா?”

பால்சாமி போனை உயரத் தூக்கி, நிழலுக்கும் வெயிலுக்குமாகத் திருப்பிப் பார்த்தான்.

“இருங்க மதினி. பழைய போனா, படம் அசையாம மாட்டிக்கிச்சு. நடுவுல நிக்கிறீக.”

“எம்புட்டுத் தூரத்துல?”

“ஒரு எட்டுத்தான். ஒரு கால் தரையில இல்ல.”

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. ஈரம் காயாத வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாத்துக்கிட்டே இருங்க தம்பி” என்றாள். “கண்ண எடுத்துறாதீக.”